36 டிகிரிதானே என்று கீழே இறங்குகிறவர்களுக்கு: சென்னைப் புழுக்கம் உடம்பை என்ன செய்கிறது?

கோடை வந்தால் செய்திகளில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்ற பட்டியல். வேலூர், கரூர், மதுரை, திருத்தணி என்று 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள் வரிசையாக இருக்கும். 100 ஃபாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 37.8 டிகிரி செல்சியஸ். அந்தப் பட்டியலில் சென்னை இல்லாவிட்டால் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெற்றோருக்கு ஒரு நிம்மதி. பையன் அங்கே காலேஜில் இருப்பான், மகள் வேலைக்குச் சேர்ந்திருப்பாள், அல்லது தாத்தாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும். "சென்னையில் 36தான் காட்டுது, வேலூரில் 41. பரவாயில்லை" என்று பேசிக்கொள்கிறோம்.

கவலைப்பட வேண்டிய இடத்தில் நிம்மதி அடைகிறோம். 36 டிகிரி சென்னை, 41 டிகிரி வேலூரைவிட உடம்புக்குக் கடினமாக இருக்கும் நாட்கள் உண்டு. மலையிலிருந்து இறங்கிப் போகிற உடம்புக்கு அது இன்னும் கடினம். ஏன் என்று புரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் முதலில் காரணம், அப்புறம் செய்ய வேண்டியவை.

உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றுகிறது

நம் உடம்பின் உள்வெப்பநிலை சுமார் 37 டிகிரி. தோலின் வெப்பநிலை அதைவிடச் சற்றுக் குறைவு, வெயில் காலத்தில் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேகமாக நடந்தால் அது 300 வாட்டைத் தாண்டும். உண்டாகிற வெப்பம் அவ்வப்போது வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் உள்வெப்பநிலை ஏறும்.

வெளியேற வழி இரண்டு. ஒன்று, தோலைவிடக் குளிர்ந்த காற்றுக்கு நேரடியாகச் சூட்டைக் கொடுத்துவிடுவது. ஊட்டியில் மே மாதத்தில்கூடப் பகல் உச்சம் சராசரியாக 22, 23 டிகிரிதான். அங்கே இந்த முதல் வழியே போதும். ஏற்றத்தில் மூட்டை தூக்கினால் ஒழிய வேர்க்காது. இரண்டாவது வழி வேர்வை. வேர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்தைப் போக்க, சுமார் 150 மில்லி லிட்டர் வேர்வை ஆவியானால் போதும்.

வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் முதல் வழி அடைபட்டுப்போகிறது. சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று, சூட்டைக் கொடுக்க ஆரம்பிக்கிறது. மிச்சம் இருப்பது வேர்வை ஒன்றுதான்.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: ஆவியானால். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழுகிற வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. சட்டையை நனைத்து அப்படியே தங்குகிற வேர்வையாலும் பெரிய பலன் இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். "நல்லா வேர்த்துச்சு, சூடு இறங்கியிருக்கும்" என்று சொல்வது காய்கிற வேர்வைக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஜூலை மாதக் குன்னூரில் காயாத துணி

வேர்வை ஏன் காயாமல் போகிறது? மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூலையில் மூடுபனி இறங்கி நாள் கணக்கில் நிற்கும்போது கொடியில் போட்ட துணி என்ன ஆகிறது? மூன்று நாள் கழித்துத் தொட்டாலும் ஜில்லென்று ஈரமாகவே இருக்கும். பள்ளிச் சீருடையை அடுப்புப் பக்கம் நாற்காலியில் விரித்துக் காயவைத்த வீடுகள்தான் அதிகம். துணியில் ஒரு குறையும் இல்லை. காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது, இன்னும் வாங்கிக்கொள்ள இடமில்லை. அதே துணி ஜனவரி வெயிலில் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும்.

சென்னையில் புழுக்கமான நாளில் தோலின் மேலுள்ள வேர்வை அந்த ஜூலைத் துணியின் நிலையில்தான் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் மேலிருந்து வரும் காற்று நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. வேர்வை சுரக்கிறது, ஆனால் காய்வதில்லை. உடம்பு இன்னும் அதிகமாக வேர்க்க வைக்கிறது. அதுவும் காய்வதில்லை.

காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்ல, செய்திகளில் வரும் சொல் ஒப்பு ஈரப்பதம். இருக்கிற வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் மூடுபனியில் ஏன் புழுங்குவதில்லை?

நியாயமான கேள்வி. மூடுபனிக்குள் நிற்கும்போது ஒப்பு ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம். சென்னையில் மோசமான மதியத்தில்கூட 65, 70தான் இருக்கும். அப்படியிருக்க, புழுங்குவது சென்னையில்தானே?

ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் வைத்துப் பேசினால் வரும் குழப்பம் இது. குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீராவியைத்தான் தாங்க முடியும், சூடான காற்றால் நிறையத் தாங்க முடியும். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுக்க நிறைந்தாலும் அதில் சுமார் 13 கிராம் நீராவிதான் இருக்கும். 36 டிகிரிக் காற்று 65 சதவீதம் மட்டும் நிறைந்திருந்தாலே அதில் சுமார் 27 கிராம் இருக்கும். அதாவது, "100 சதவீதம்" நிறைந்த குன்னூர்க் காற்றைப்போல இரண்டு மடங்கு நீர் "65 சதவீத" சென்னைக் காற்றில் இருக்கிறது. மூடுபனிக் காற்று நம் சூடான தோலைத் தொட்டதும் கொஞ்சம் சூடேறி, இன்னும் நீராவியை வாங்க இடம் பெற்றுவிடுகிறது. அதோடு அங்கே முதல் வழி திறந்தே இருக்கிறது, உடம்பு சூட்டை நேராகக் குளிர்காற்றுக்குக் கொடுத்துவிடலாம். சென்னையில் ஒரு வழி முழுதாக அடைபட்டு, இன்னொன்று பாதி அடைபட்டு நிற்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாக: வெப்பநிலை மட்டும் ஆபத்தைச் சொல்லாது, ஒப்பு ஈரப்பதம் மட்டும் சொல்லாது. இரண்டும் சேர்ந்து, வேர்வை காயுமா காயாதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அளவு

வானிலை ஆய்வாளர்கள் இதை அளக்க எளிய வழி ஒன்றை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றோட்டத்தில் வைப்பார்கள். துணியிலுள்ள நீர் ஆவியாக ஆவியாகக் குமிழ் குளிரும். ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். அங்கே காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நீர் ஆவியாவதன் மூலம் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை அது. நம் தோலும் ஈரத்துணி சுற்றிய குமிழைப்போலத்தான் வேலை செய்கிறது என்பதால், இந்த எண் உடம்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மலிவான இரண்டு அறை வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைக் கட்டி, இரண்டையும் ஃபேன் காற்றில் வையுங்கள். உலர்ந்த ஜனவரி நாளில் ஈரக்குமிழ் பல டிகிரி கீழே போகும். மூடுபனி நாளில் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இப்போது வேலூரையும் சென்னையையும் ஒப்பிடலாம். உள்மாவட்டத்தில் 42 டிகிரி வெயில், ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. சென்னையில் 36 டிகிரி, 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 30. ஆறு டிகிரி குறைவாக இருந்த ஊர், உடம்பின் கணக்கில் ஆறு டிகிரி அதிகமாகிவிட்டது. 42 டிகிரி வெயில் ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே நீர் வேகமாக வற்றும், அனல் சுடும். ஆனால் போதுமான தண்ணீரும் நிழலும் கிடைத்தால் அங்கே வேர்வை தன் வேலையைச் செய்யும்.

ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா படுத்திருக்கும் ஆரோக்கியமானவருக்கும் சூட்டை வெளியேற்ற வழியே இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பயனில்லை. கணக்குப்படியான மேல் எல்லை இது. ஆனால் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் வயதினரை வைத்துச் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வு, ஈரமான சூழலில் சுமார் 31 டிகிரி ஈரக்குமிழிலேயே உடம்பின் வெப்பநிலை கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்குகிறது என்று காட்டியது. முதியவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. சென்னையின் கடுமையான நாட்கள் 30ஐ நெருங்குகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கோடைக்கு மட்டுமான விஷயமும் இல்லை இது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கானோர் கூடிய அந்த நாளில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அன்று வெப்பநிலை 40ஐத் தொடவில்லை. கடற்கரை, நேரடி வெயில், ஈரக்காற்று, நெரிசல் இவை போதுமானதாக இருந்தன. அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இந்திய வானிலை ஆய்வு மையமும் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. வெப்ப அலையா என்று பார்க்கத் தொடங்கும் அளவு சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30. அதோடு அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மலையையும் இந்தக் கணக்கிலிருந்து விடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது.

கடற்காற்று வந்தால் போதுமா?

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். பகல் ஏற ஏற நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. கடற்காற்று என்று சொல்வது இதைத்தான். சென்னையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி அது உள்ளே வந்து வெப்பநிலையைச் சில டிகிரி இறக்கிவிடும்.

மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுவாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது. அந்த நாட்களில்தான் சென்னையின் வானிலை நிலையங்களான மீனம்பாக்கமும் நுங்கம்பாக்கமும் 40ஐத் தாண்டுகின்றன. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஆகவே கத்திரி முடிந்ததும் கஷ்டம் முடிந்தது என்று கணக்குப் போடக் கூடாது. கத்திரி முடிவது மே 28ஐ ஒட்டி. சென்னையின் கடும் நாட்கள் அதற்குப் பின்னும் வருகின்றன.

கடற்காற்று வந்துவிட்டால் வெப்பமானி இறங்கும், ஈரம் ஏறும். கடற்கரை ஓரத்தில் வீசும் காற்றின் வேகம் வேர்வையை ஓரளவு காயவைக்கும், உண்மையிலேயே இதமாக இருக்கும். ஆனால் நெருக்கமான தெருக்களில், ஜன்னல் ஒரு பக்கம் மட்டுமுள்ள அறைகளில், காற்றின் வேகம் வந்து சேராமல் ஈரம் மட்டும் வந்து சேர்கிறது.

மலை உடம்புக்கு உள்ள தனிச் சிக்கல்

குன்னூரிலிருந்து இறங்கும் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போதே காது அடைக்கும், ஸ்வெட்டர் உறுத்தும், கல்லாறு வரும்போது கழுத்தில் ஈரம் கட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறங்கும்போதும் காற்று சராசரியாக ஆறரை டிகிரி சூடாகிறது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்ட்ரல். ஓர் இரவில் நாம் ஊரை மாற்றிவிடுகிறோம். உடம்பால் அந்த வேகத்தில் மாற முடியாது.

வெயிலுக்கு உடம்பு பழகுவது என்பது மனசு பழகுவது இல்லை, உள்ளே உண்மையான மாற்றங்கள் நடக்கின்றன. இதற்கு வெப்பப் பழக்கம் என்று பெயர். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகமாக வேர்க்கும், வேர்வையில் உப்பு குறைவாகப் போகும். இரத்தத்தில் நீரின் அளவு கூடும், அதனால் இதயம் குறைந்த துடிப்பில் அதே வேலையைச் செய்யும். இதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஏ.சி. அறைக்குள்ளேயே அடைந்திருந்தால் பழக்கம் வராது. மலைக்குத் திரும்பிச் சில வாரம் இருந்தால் வந்த பழக்கமும் போய்விடும். தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டு ஓரிரு நாளில் திரும்புகிற பையனுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. கோடை விடுமுறை முழுக்க மலையில் இருந்துவிட்டு ஜூனில் காலேஜ் திறக்கும்போது இறங்குகிற பையன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது இளைஞர்களைப் பற்றித்தான். டெலிவரி வேலை, கட்டட வேலை, கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை என்று போகிறவர்கள் முதல் நாளே மற்றவர்களுக்குச் சமமாக நின்று காட்ட நினைக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனால் கால்களின் பலம் வேர்வைச் சுரப்பிகளுக்குத் தெரியாது. வெப்பத்தில் வேலை செய்து இறந்துபோகிறவர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களுக்குள் விழுந்தவர்கள். அதனால் முதல் நாள் வெயில் வேலையைக் கொஞ்ச நேரத்தோடு நிறுத்தி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேஸ்திரியிடம் அல்லது சூப்பர்வைசரிடம் "மலையிலிருந்து வந்திருக்கேன் அண்ணே, ஒரு வாரம் காலையிலயும் சாயங்காலமும் போடுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்டர்வியூவுக்கோ பரிட்சைக்கோ போகிறவர்கள் முடிந்தால் ஓரிரு நாள் முன்பே போய்விடுங்கள், முழுதாகப் பழகாவிட்டாலும் முதல் அதிர்ச்சி அன்றைக்கு வராது.

முதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வேர்வையும் குறையும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், அலர்ஜி மாத்திரை, மனநல மருந்துகள் எடுப்பவர்கள் ஆகியோருக்கும் சூட்டைத் தாங்கும் திறன் குறையலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கிளம்புமுன் டாக்டரிடம் "சென்னை போறோம், அளவு மாற்ற வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மலையில் அதை அலமாரியில் வைத்தே பழகியிருப்பார்கள், சென்னையில் அப்படி வைத்தால் கெட்டுப்போகும்.

சுருக்கமாக: முதல் இரண்டு வாரம்தான் ஆபத்துக் காலம். அந்த நாட்களில் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே உடல் உழைப்பு வேண்டாம்.

தண்ணீர், உப்பு, ஃபேன், கூலர்

தாகம் எடுக்குமுன்னே குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். கூடவே ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் வேர்க்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதனால் உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) இவற்றில் ஏதாவது இடையிடையே வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டிய அளவில், கலந்தால் போதும். இளநீர் நல்லது, ஆனால் அதில் சோடியம் குறைவு, நாள் முழுக்க வேர்த்தவருக்கு அது மட்டும் போதாது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நீர் போதுகிறது, அடர்மஞ்சளானால் போதவில்லை.

டீயைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அளவாகக் குடிக்கும் டீ உடம்பிலிருந்து நீரை வற்றச் செய்துவிடாது. விட வேண்டியதில்லை. மது வேறு, அதை அந்த நாட்களில் தொடவே வேண்டாம்.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு வேர்வை காய உதவுகிறது, அவ்வளவுதான். 40 டிகிரிக்குக் கீழே அது நல்ல துணை. அதற்கு மேலே போனால் ஃபேன் சூட்டைத்தான் வாரிக் கொட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கையையும் கழுத்தையும் தண்ணீரால் நனைத்துக்கொண்டு ஃபேன் அடியில் உட்கார்ந்தால் பலன் அதிகம்.

கூலர் வாங்கி ஏமாறுகிற வீடுகள் அதிகம். ஏ.சி. வாங்க முடியாத நிலையில் நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து ஏர் கூலர் வாங்கிவிடுகிறார்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. அதனால் எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு எல்லை, மேலே பார்த்த அதே ஈரக்குமிழ் வெப்பநிலைதான். வேலூரில் கூலர் அருமையாக வேலை செய்யும். புழுங்குகிற சென்னை அறையில், அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால், இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரத்தைச் சேர்த்து வேர்வையைக் காயவிடாமல் செய்துவிடும். ஏ.சி.யின் கதை வேறு, அது காற்றிலுள்ள ஈரத்தையும் பிடித்து வெளியே சொட்டவிடுகிறது. 27, 28 டிகிரியில் வைத்துக் கூடவே மெதுவாக ஃபேனையும் ஓடவிட்டால் கரண்ட் பில்லும் தாங்கும்.

இரவும் ஓய்வு தராத அறை

பகலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கிக்கொள்ள உடம்புக்கு நேரம் வேண்டும். மே மாதச் சென்னையில் இரவுகளே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் மொட்டைமாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை இவற்றில்தான் இது மிக மோசம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் தங்குகிறார்கள். இரவு பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் கை சுடும். ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது கீழ்த்தளத்தில் அறை பிடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மேலே வெள்ளை அடிக்க வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம். படுக்குமுன் ஒரு குளியல், ஈரத்துண்டு, ஃபேன் மூன்றும் சேர்ந்தால் ஓரளவு தூங்க முடியும்.

இரண்டு மூன்று நாள் இப்படித் தூக்கமில்லாமல் போனால் நான்காம் நாள் வெயிலைத் தாங்கும் சக்தி வெகுவாகக் குறைந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் தலைகாட்டாத முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுவது இப்படித்தான். "வெயிலுக்கே போகலையே" என்று வீட்டார் சொல்வார்கள். வெயில் தேவையில்லை, புழுக்கமே போதும்.

களைப்பு எது, உயிராபத்து எது?

வெப்பத்தளர்ச்சி என்பது முதல் கட்டம். தலைசுற்றல், குமட்டல், தலைவலி, கால் பிடித்து இழுத்தல், தோல் சில்லிட்டு ஈரமாக இருத்தல் ஆகியவை அறிகுறிகள். ஆள் தெளிவாகப் பேசுவார். நிழலுக்கு அழைத்துவந்து, படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, நனைத்து, ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தேறிவிடுவார். தேறாவிட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் என்பது அடுத்த கட்டம். உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறும் நிலை. "வேர்வை நின்னுபோனாதான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். முதியவர்களிடம் தோல் வறண்டிருக்கலாம். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுகிற இளைஞருக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பார்க்க வேண்டியது பேச்சையும் நினைவையும். பெயர் என்ன, எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். உளறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்க வேண்டும். இங்கேயும் காரணம் தெரிந்திருந்தால் கை தானாக வேலை செய்யும். ஈரக்காற்றில் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே ஈரத்துணியை மேலே போட்டுவிட்டு நிற்பது போதாது. குளிர்ந்த நீரே நேராகச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாளி வாளியாக ஊற்றுங்கள், குழாய் இருந்தால் திறந்துவிடுங்கள், பெரிய தொட்டி இருந்தால் தலையை வெளியே தாங்கிப்பிடித்தபடி உட்காரவையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். கூடவே விசிறிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். காய்ச்சலில் மூளையே வெப்பநிலையை உயர்த்தி வைக்கிறது, அந்த ஏற்பாட்டைத்தான் அந்த மாத்திரை மாற்றும். இங்கே மூளை எதையும் உயர்த்தவில்லை, வெளியேற முடியாத சூடு உள்ளே சேர்ந்திருக்கிறது, அதை மாத்திரையால் இறக்க முடியாது.

ஆம்புலன்ஸ் ஊழியரிடம் எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரமாக நனைக்கிறீர்கள், என்ன மருந்துகள் எடுக்கிறார், மலையிலிருந்து வந்து எத்தனை நாள் ஆகிறது என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு முடிக்கும்வரைகூடத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.